மாமன் நின்ற இடம்

ஆவாரங்குளத்தில் தவமணி வீட்டுப் பாதைக்குத் தார் போட்டு நாலாம் நாள் விடிந்தபோது, மறுநாள் அந்த வீட்டுக்கு வரப்போகிறவர்களின் காலடிகள் அதில் பதிந்து கிடந்தன. அன்றைக்கு அது யாருக்கும் புரியவில்லை. பஞ்சாயத்து ரோட்டு கேட்டிலிருந்து வாசற்படி வரைக்கும் இருநூறு அடி நீளத்துக்குப் பளபளவென்று கிடந்த புதுத் தாரில் எவனோ சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய்விட்டான் என்றுதான் தவமணி நினைத்தாள். வளையம் வளையமாகத் தடம் போயிருந்தது, பக்கத்திலேயே குதிகால் தேய்ந்த ரப்பர் செருப்பின் அச்சும் போயிருந்தது. காஸ்காரனை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு அடுப்படிக்குள் போய்ப் பார்த்தால் அங்கே பழைய சிலிண்டர்தான் இருந்தது. மறுநாள் பதினோரு மணிக்குக் காஸ்காரன் வந்தான். குதிகால் தேய்ந்த ரப்பர் செருப்போடு, சிலிண்டரை உருட்டிக்கொண்டு, ஏற்கெனவே பதிந்திருந்த தடத்தின் மேலேயே ஒரு விரற்கடை பிசகாமல் நடந்துவந்து, ரசீதை நீட்டி, ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். தவமணி முந்தின நாள் திட்டினதை எல்லாம் மனசுக்குள் வாபஸ் வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பாதை அவளுடைய அண்ணன் மாயழகு போட்டுக் கொடுத்தது. மாயழகு ரோடு காண்ட்ராக்டர். இன்றைக்குத்தான் வெள்ளைக் கார், தங்கப் பட்டை போட்ட கைக்கடிகாரம் எல்லாம். பதினாறு வயதில் அவன் தார்ச்சட்டி சுமந்த கூலிக்காரன். ஒருநாள் கொதிக்கிற தார் இடது பாதத்தில் கொட்டி, வெந்த புண் ஆறியபோது கால் வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொண்டது, இன்றைக்கும் இடது குதிகாலைச் சற்றே இழுத்து வெளியே திருப்பித்தான் வைப்பான். அப்போது தவமணிக்கு எட்டு வயது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்ட வீட்டில் அண்ணனும் தங்கையும் மட்டும் இருந்தார்கள். வேலை முடிந்து அண்ணன் வந்து உட்கார்ந்ததும் அவள் மண்ணெண்ணெயும் கந்தைத்துணியும் எடுத்துக்கொண்டு வந்து அவன் கால்விரல் இடுக்கில் ஒட்டியிருக்கிற தாரைத் துடைத்துவிடுவாள். ஒவ்வொரு விரலாகத் துடைப்பாள். "போதும் தாயி, நாளைக்கும் ஒட்டத்தானே போகுது" என்று அவன் சிரிப்பான். அந்தத் தாரில் வந்த காசில்தான் அவளைக் கட்டிக்கொடுத்தான். அதை அவள் ஒருநாளும் மறந்ததில்லை, அவன் மறக்கவும் விட்டதில்லை.

இந்தச் சித்திரையில் பிறந்த வீட்டையும் புஞ்சையையும் தன் பேருக்கே மாற்றிக்கொள்ள அவன் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொண்டு வந்தான். பெண்பிள்ளைக்கும் பங்கு உண்டு என்று சட்டம் சொல்கிறது, அந்தப் பங்கு வேண்டாம் என்று அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டுப் பெண்களும் எழுதிக் கொடுப்பதுதான். பங்கைக் கேட்டவளுக்குப் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும், எழுதிக் கொடுத்தவளுக்கு நல்லது கெட்டதுக்கு அண்ணன் வந்து முன்னால் நிற்பான் என்பது பேசாமலே எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. தவமணி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கனிக்கு வைகாசியில காது குத்தணும்ண்ணே. ஒங்க மடியில வச்சுத்தான் குத்தணும். அது ஒண்ணு போதும் எனக்கு."

"இதெல்லாம் சொல்லணுமாத்தா? தாய்மாமன் மடியில்லாம எவன் மடி?" என்றான் மாயழகு. பேனா மூடியைத் திறந்து கொடுத்ததும் அவன்தான். அவள் எட்டு இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

பத்திரத்தோடு வீட்டுக்கு வந்த அண்ணன், கோடைமழைக்குக் கரிசல் மண் பாதையில் கார் சக்கரம் சேறாகிவிட்டதைப் பார்த்து, "என் தங்கச்சி வீட்டுக்கு இப்படியொரு பாதையா" என்று கேட்டுவிட்டு, ஒரே வாரத்தில் லாரி லாரியாகக் கலவை கொண்டுவந்து கொட்டி, ரோலர் விட்டு உருட்டி, காலையில் ஆரம்பித்துச் சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டுப் போனான். ஆவாரங்குளத்தில் வேறெந்த வீட்டுக்கும் சொந்தமாகத் தார்ப்பாதை கிடையாது. கோயில் தேர் வருகிற தெருவுக்கே சிமெண்டுக் கல்தான். தவமணி ஒரு வாரத்துக்குத் தரையில் கால் பாவாமல் நடந்தாள்.

தாருக்குத்தான் பொறுப்பு போதவில்லை. காலையில் கல்லு மாதிரி இருக்கும், பத்து மணி வெயிலுக்கு வியர்த்துவிடும். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டால் ஸ்டாண்டு உள்ளே இறங்கி சைக்கிள் சாய்ந்துவிடும். அவள் புருஷன் சோலைராசு பருத்தி மில்லுக்குப் போக டி.வி.எஸ்.ஸை நின்ற இடத்திலேயே திருப்பினதில் வாசலுக்கு நேரே தார் சுருண்டு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சடச்சி அக்காவின் கோழி ஒன்று நடுவில் ஒட்டிக்கொண்டு கால் இரண்டையும் எடுக்க முடியாமல் கத்தோ கத்தென்று கத்தியது. ரோலர் ஓட்டுகிற அய்யாவு அப்போது பஞ்சாயத்து ரோட்டு வேலைக்காகக் குளத்துக்கரையில் வண்டியைப் போட்டிருந்தார், அவரைக் கூட்டிவந்து காட்டினாள். அவர் குனிந்து கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"அடியில ஜல்லி பத்தல தங்கச்சி. மேல தாரு கூடிப்போச்சு. பெரிய ரோட்டு வேலையில மிஞ்சுனத இங்கன தட்டிவிட்டுருக்காக."

"எங்கண்ணன் அப்படிச் செய்ய மாட்டாக."

"நாந்தான உருட்டுனேன்" என்றார் அய்யாவு. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார். காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கச் சொன்னார், கொழகொழப்பான இடத்தில் கல்லுடைக்கிற இடத்துத் தூளையோ மணலையோ ஒரு பிடி தூவச் சொன்னார், வண்டியை உருட்டிக்கொண்டே திருப்பச் சொன்னார். அவள் எல்லாம் செய்தாள். மணல் தூவின இடத்தில் காலடி இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

நாளைய காலடி இன்றைக்கே விழுகிறது, ஆள் வந்து மிதித்துப் போனதும் வெயிலில் மூடிக்கொள்கிறது என்ற சங்கதி ஊருக்குத் தெரிய ஒரு வாரம் ஆனது, தெரிந்தபிறகு ஊர் அதைப் பழகிக்கொள்ள ஒரு நாள்கூட ஆகவில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார் வந்து பார்த்து, தார் வெயிலில் விரியும் என்று சொன்னார். சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு ஆய்வுக்கு வருகிற அதிகாரி முதலில் தவமணி வீட்டில் ஒரு வாய் மோர் குடித்துவிட்டு வருவது போல ஏற்பாடு பண்ண முடியுமா என்று சோலைராசுவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். அதிலிருந்து ஊரே அந்த வழிக்கு வந்துவிட்டது. யார் வீட்டுக்கு யார் வருவதானாலும் தவமணி வீட்டுத் தாரில் ஒரு மிதி மிதித்துவிட்டுத்தான் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்டுக்குள் நுழைந்து நாலு எட்டு வைத்துத் திரும்பினார்கள், எத்தனை பேர் வருகிறார்கள் என்று முந்தின நாளே எண்ணிப் பெண் வீட்டில் அளவாகப் பஜ்ஜி போட்டார்கள். மாட்டு டாக்டர் வரமாட்டார் என்று தெரிந்தால் மாட்டையே வண்டியில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோனார்கள். திருப்பூரிலிருந்து மகன் வருவானா என்று பார்க்க விடிகாலையில் வந்து குனிந்து தேடி, அச்சு இல்லையென்றதும் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கெல்லாம் தவமணி காபி போட்டுக் கொடுத்தாள். இது எப்படி ஆகிறது என்று யாரும் கேட்கவில்லை. தார் கூடிப்போச்சு, அதான் முந்திக்கிடுது என்று அய்யாவு டீக்கடையில் சொன்னார், அதுவே எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது.

வைகாசி பிறந்தது. பந்தல் போட்டு, பத்திரிகை அடித்து, பத்திரிகையில் தாய்மாமன் பேரைப் பிள்ளை பேரைவிடக் கொட்டை எழுத்தில் போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பிள்ளையின் பேர் கனிஷ்கா. யாருக்கும் வாயில் நுழையாததால் கனி. ஐந்து வயதாகிறது. மாமா மடியில் உட்கார்ந்தால் வலிக்காது என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்ததால் அவள் ஒரு மாதமாக மாமா மடியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

விசேஷத்துக்கு முந்தின நாள் காலையில் பாதையைப் பார்த்தால் கால் வைக்க இடமில்லாமல் காலடிகள். முந்நூறு பேர் மறுநாள் வருகிறார்கள். ஊர்ப் பெண்கள் எல்லாம் திரண்டுவந்து, இது என் செருப்பு, இது என் சின்ன மகன் வெறுங்காலு, அடியே நீயும் வாரியா என்று அவரவர் அச்சைக் கண்டுபிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தவமணி கேட்டிலிருந்து அண்ணனைத் தேடிக்கொண்டே வந்தாள். தேட வேண்டிய சிரமமே இல்லை. புது ஷூவின் அச்சு, வலது கால் நேராக, இடது குதிகால் இழுபட்டு வெளியே திரும்பி. ஐம்பது அடி, எண்பது அடி, நூறு அடி. அங்கே இரண்டு ஷூவும் சேர்ந்து நின்றிருந்தன. அதற்கு அப்பால் வாசலைப் பார்த்து அந்த அச்சு போகவில்லை. அதே இடத்தில் திரும்பி, கேட்டைப் பார்த்து, நீளநீளமான எட்டுகளாக வெளியே போயிருந்தது.

பெண்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். முந்நூறு பேரில் பாதியில் திரும்பினவன் ஒருத்தன்தான், அது யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சடச்சி அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, "தாரு மோசம். சரியாப் பதிஞ்சிருக்காது" என்றாள். ஆமாம் ஆமாம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு மாதமாக அந்தத் தாரை நம்பி பஜ்ஜி போட்டவர்கள்தான் சொன்னார்கள்.

தவமணி உள்ளே போய் அண்ணனுக்குப் போன் போட்டாள். இரண்டாவது தடவைதான் எடுத்தான்.

"அண்ணே, நாளைக்கு வந்துருவீகள்ல?"

"என்ன தாயி கேள்வி இது? சீர்த்தட்டெல்லாம் கார்ல ஏத்தியாச்சு. ஆறரைக்கெல்லாம் அங்கன நிப்பேன்."

"எங்கன நிப்பீக?"

"ஒன் வீட்டு வாசல்லதான். ஏன் ஒருமாதிரிக் கேக்குற?"

"ஒண்ணுமில்லண்ணே" என்று வைத்துவிட்டாள். குரலில் பொய்யில்லை என்று பட்டது. அப்படியென்றால் கோளாறு தாரில்தான் இருக்க வேண்டும். தாரைச் சரிபண்ணிவிட்டால் அண்ணன் வாசல்வரை வந்துவிடுவான் என்று அந்த நிமிஷத்தில் அவள் முடிவுகட்டினாள், அதற்குப் பிறகு அன்றைக்கு யார் பேச்சும் அவள் காதில் ஏறவில்லை.

முதலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். அச்சுக்குள் தண்ணீர் தேங்கி, திரும்பின ஷூ இரண்டும் கண்ணாடி போட்டதுபோல் இன்னும் பளிச்சென்று தெரிந்தன. தண்ணீரை வாரி இறைத்துவிட்டு மணல் போட்டாள். ஒரு பிடி, ஒரு கூடை, பிறகு சோலைராசுவை விட்டு ஒரு தள்ளுவண்டி. அரைமணி நேரத்தில் மணலைக் கீழே இழுத்துக்கொண்டு அச்சு மேலே வந்தது. உலக்கையால் இடித்தாள். இடித்த சூட்டோடு தார் சமமாகி, அவள் நெற்றியைத் துடைத்துவிட்டுப் பார்ப்பதற்குள் குதிகால் முதலிலும் விரல்பக்கம் பிறகுமாகத் திரும்பவும் குழிந்தது. "விடு தவமணி, மச்சான் வந்தா வருவாரு, வராட்டிப் போறாரு, கை தோலு உரிஞ்சு போச்சு பாரு" என்றான் சோலைராசு. அவள் உலக்கையை அவன் பக்கமாகப் போட்டுவிட்டு அய்யாவுவைத் தேடிக் குளத்துக்கரைக்குப் போனாள்.

அய்யாவு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இத அழிக்க முடியாது. அடுத்தாப்புல இருக்க துண்ட வெட்டி எடுத்துட்டுப் புதுசாப் போட்டாத்தான் அங்கிட்டுக் காலு பதியும். ஆனா எறுக ரெண்டு நாளாவது விடணும் தங்கச்சி. நாளைக்கு விசேஷத்த வச்சுக்கிட்டு..."

"வெட்டுங்கண்ணே."

கடப்பாரையால் பாதையின் நடுவில் ஆறடி நீளம், ஆறடி அகலத்துக்கு வெட்டி, அண்ணன் நின்ற இடத்துக்கு அடுத்தாற்போல் வாசல் பக்கமாக அவன் அச்சு விழாமல் போன துண்டு முழுவதையும் பெயர்த்து வேலிக்கு அப்பால் எறிந்தார்கள். அய்யாவு இந்தத் தடவை ஜல்லியைக் கெட்டியாகப் போட்டு, சூடாகக் கலவை கொட்டி, ரோலரைக் கொண்டுவந்து முன்னும் பின்னுமாக உருட்டினார். பொழுது சாய்கிறவரை தவமணி பக்கத்திலேயே நின்றாள். கறுப்பாக, வழுவழுவென்று, ஒரு அச்சும் இல்லாமல் கிடந்தது. அன்றைக்கு அப்போதுதான் அவள் முதல் வாய் சோறு சாப்பிட்டாள். ஒரு பாட்டிலில் மண்ணெண்ணெயும் பழைய வேட்டித்துணியும் எடுத்து நிலைக்கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, எவன் காலிலாவது ஒட்டினால் துடைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே படுத்தாள்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறுமுன்பே கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. நடுவிலிருந்த புதுத் துண்டு இன்னும் ஈரம்போல மினுங்கியது. வந்தவர்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரத்து இரண்டடியில் ஒதுங்கி நடந்தார்கள், மொய்ப்பையோடு வந்தவர்களும் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தவர்களும் அப்படித்தான் வந்தார்கள். கால் சரியில்லாத கிழவர் ஒருவர்கூட வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்துவிட்டார். ஒருத்தரும் அதை ஒரு கஷ்டமாகச் சொல்லவில்லை.

ஆறு நாற்பதுக்கு வெள்ளைக் கார் கேட்டில் வந்து நின்றது. மேளம் எழும்பியது. வெள்ளை வேட்டியும் புதுக் கறுப்பு ஷூவுமாக மாயழகு இறங்கினான், அவன் ஆட்கள் இரண்டு பேர் சீர்த்தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள். ஐம்பது அடி, எண்பது அடி, நூறு அடி. கனி பந்தலுக்குள்ளிருந்து "மாமா" என்று கத்தினாள். மாயழகு கையைத் தூக்கி ஆட்டினான். அப்போது அவன் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்து, "ஆமாங்க சார், வந்துக்கிட்டே இருக்கேன் சார்" என்று சொல்லி வைத்தான். வைத்துவிட்டுக் குனிந்து, தனக்கு முன்னால் மினுங்கிக்கொண்டிருந்த தாரைப் பார்த்தான்.

"என்ன தாயி இது, இம்புட்டு ஈரமா இருக்கு?"

"நேத்துத்தான்ண்ணே போட்டோம். ஓரமா வாங்க, எல்லாரும் ஓரமாத்தான் வந்தாக."

"ஷூவுல ஒட்டிக்கிருமே."

தவமணிக்கு முதலில் அது தப்பாகக் காதில் விழுந்ததாகத்தான் தோன்றியது. சோலைராசு ஓடிப்போய் இரண்டு சாக்கைக் கொண்டுவந்து தாரின் மேல் விரித்தான். தவமணி கதவுக்குப் பின்னாலிருந்து பாட்டிலையும் துணியையும் எடுத்துக்கொண்டு வந்து புதுத் துண்டின் இந்தப் பக்கத்தில் நின்றாள்.

"ஒட்டுனா என்னண்ணே, மண்ணெண்ணெய் இருக்கு. நான் தொடச்சு விடுறேன்."

மாயழகு அந்தப் பாட்டிலைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, அது அவன் முகத்தில் தெரிந்தது. ஞாபகமில்லாமல் திரும்பியிருந்தால்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

"அதுக்கில்லத்தா. பெரிய எஞ்சினியர் வீட்டுல இன்னைக்குப் புதுமனை. ஏழரைக்குள்ள தலையக் காட்டியாகணும், புது வேலை விசயம் ஒண்ணு நிக்குது. இந்தத் தாரோட அவுக வீட்டுல போய் எப்படி ஏறுறது? சீரெல்லாம் இந்தா வந்துருச்சு. சாயங்காலம் வந்து புள்ளயப் பாக்குறேன்."

ஆட்கள் இரண்டு பேரும் தட்டுகளோடு ஓரமாகச் சுற்றி வந்து பந்தலில் இறக்கிவைத்தார்கள், அவர்கள் செருப்பில் பொட்டுத் தார் ஒட்டவில்லை. மாயழகு நின்ற இடத்தில் திரும்பினான். இடது குதிகால் இழுபட்டது. நீளநீளமான எட்டுகளாகக் கேட்டைப் பார்த்து நடந்தான். மேளக்காரர்கள் நிறுத்துவதா அடிப்பதா என்று தெரியாமல் கார் கதவு சாத்துகிறவரை அடித்தார்கள்.

தார்ச்சட்டி சுமந்து வளர்த்தவன், கொதிக்கிற தாரைக் காலில் வாங்கியவன், ஷூவில் ஒட்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறான். பெரிதாக ஒரு காரணம் சொல்லியிருந்தால் தவமணியும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டு ஆறியிருப்பாள், இவ்வளவு சின்னக் காரணம் போதுமாயிருந்ததே என்பதுதான் அவளால் தாங்க முடியவில்லை. எட்டு இடத்தில் கையெழுத்துப் போட்ட விரலைத் தாரில் தேய்க்கலாம் போலிருந்தது. ஏமாந்துபோனேன் என்று வாய்விட்டே சொன்னாள். கூட இருந்தவர்கள் சீர்த்தட்டுகளை எண்ணத் தொடங்கினார்கள்.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? ஆசாரி ஊசியைத் தீயில் காட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், முகூர்த்தம் முடிய இன்னும் அரைமணி நேரம்தான், தாய்மாமன் மடியில்லாமல் காதில் ஊசி ஏறக்கூடாது. சோலைராசுவின் பெரியப்பா சீனிச்சாமி பாதைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பந்தலில் உரக்கச் சொன்னார்.

"மாமன் வரலன்னு எவன் சொன்னான்? கேட்டுக்குள்ள நூறு அடி வந்திருக்கான். காலு ரெண்டும் அங்கன பதிஞ்சு கெடக்கு. இந்தத் தாரு என்னைக்காச்சும் பொய் சொல்லியிருக்கா? மாமன் நிக்கிற எடத்துல வச்சுக் குத்துங்க."

எல்லோருக்கும் அது ரொம்ப நியாயமாகப் பட்டது. இதே ஊர்தான் நேற்று இதே தாரை மோசம் என்று சொன்னது. மேளம் மறுபடி எழும்பியது. ஆசாரி தன் சாமானோடு பாதைக்கு வந்தார், பெண்கள் சீர்த்தட்டுகளைச் சுற்றி அடுக்கினார்கள், யாரோ அந்த இரண்டு ஷூ அச்சுக்கும் சந்தனம் வைத்தார்கள். பட்டுப்பாவாடையோடு கனியைத் தூக்கிவந்து, பக்கத்தில் நேற்றுக் கொட்டிய கலவையின் சூட்டில் இன்னும் இளகியிருந்த அச்சின் மேல் உட்கார வைத்தார்கள்.

"மாமா எங்க?" என்றாள் கனி.

"இந்தா, இதுதான் மாமா. இது மடி" என்றாள் சடச்சி அக்கா.

கனி கீழே குனிந்து பார்த்தாள். "மாமா சுடுது" என்றாள். ஆசாரி ஊசியை இறக்கினார், அவள் வீறிட்டாள், பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லாமல் தாரைப் பிடித்துக்கொண்டாள், பெண்கள் குலவை போட்டார்கள். எழுப்பியபோது பட்டுப்பாவாடையின் பின்பக்கம் முழுவதும் அண்ணனின் ஷூ இரண்டும் கறுப்பாக ஒட்டியிருந்தன. அதை வெளுக்க தவமணி மண்ணெண்ணெயை எடுக்கவில்லை. பாவாடையைச் சுருட்டிப் பெட்டிக்கு அடியில் போட்டாள்.

சாயங்காலம் மாயழகு வரவில்லை. வரமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஆடி வந்தது, ஐப்பசி மழை வந்தது, போன் வரவில்லை. பாதை ஓரங்களில் உதிர்ந்தது, வாசல் பக்கம் குழி விழுந்து தண்ணீர் தேங்கியது, அய்யாவு போட்ட துண்டு மட்டும் அசையாமல் நின்றது. ஊர் வழக்கம்போல விடிகாலையில் வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனது. அண்ணன் பிறந்த வீட்டை இடித்துப் பெரிதாகக் கட்டப்போகிறான் என்றும், பத்திரத்தில் கிணறு இருக்கிற துண்டின் நம்பர் விட்டுப்போனது பதிவாபீசில் இப்போதுதான் தெரிந்தது என்றும், இன்னொரு கையெழுத்து வேண்டியிருக்கிறது என்றும் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். தவமணியும் கேள்விப்பட்டாள்.

கார்த்திகை மாசத்தில் ஒருநாள் காலை சடச்சி அக்கா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"ஏ தவமணி, வந்து பாரு. ஒங்கண்ணன் வாரான். வாசப்படி வரைக்கும் வாரான்."

அவளுக்குப் பின்னால் பத்துப் பேர். எல்லார் முகத்திலும் சிரிப்பு. தவமணி இறங்கிப் பார்த்தாள். வலது கால் நேராக, இடது குதிகால் வெளியே திரும்பி, நூறடியில் நிற்காமல், அய்யாவு போட்ட துண்டைத் தாண்டி, நேராக வாசற்படிக்கே வந்திருந்தது. படிக்கு முன்னால் இரண்டு ஷூவும் சேர்ந்து நின்றிருந்தன. அந்த இரண்டு அச்சும் மற்ற எல்லாவற்றையும்விட ஆழமாக, அரைச் சாண் ஆழத்துக்கு இறங்கியிருந்தன. ரொம்ப நேரம் நின்றிருக்கிறான். வலது காலை மாற்றி வைத்திருக்கிறான், ஒரு எட்டு பக்கத்து ஜன்னல் பக்கமாக வைத்துப் பார்த்திருக்கிறான், மறுபடியும் படிக்கு வந்து நின்றிருக்கிறான். அப்புறம் திரும்பிக் கேட்டைப் பார்த்துப் போயிருக்கிறான். படியில் ஒரு அச்சும் ஏறவில்லை.

தவமணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நாளைக்குத் தான் கதவைத் திறக்கப்போவதில்லை என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

சத்தம் கேட்டு வந்த அய்யாவுவும் பார்த்துவிட்டார். அவருக்கும் புரிந்துவிட்டது போல.

"மணல் ஏதும் போடவா தங்கச்சி?"

"வேண்டாம்ண்ணே. இது சரியாத்தான் பதிஞ்சிருக்கு."

அவள் உள்ளே போனாள். கதவுக்குப் பின்னால் அந்த மண்ணெண்ணெய் பாட்டில் வைத்த இடத்திலேயே இருந்தது. அந்தக் கதவைப் பகலில் சாத்தி அவளுக்குப் பழக்கமே இல்லை, தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. பாட்டிலைத் திறந்து, துணியை நனைத்து, தாழ்ப்பாளை ஒவ்வொரு இடுக்காகத் துடைத்துவிட்டாள்.